தொழிலை விட்டு விலகும் நாள்: சுபைர் (ரலி) அவர்களின் வஸிய்யத்தும் வடசென்னை வணிக இல்லங்களும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் எண்ணூரையும் அத்திப்பட்டையும் கடந்ததும் வரும் ஊர் மீஞ்சூர். நெல்வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த அச்சிற்றூரின் முகம் மாறியது சென்ற முப்பது ஆண்டுகளில்தான். 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை நீளும் வெளிவட்டச் சாலை என ஒவ்வொன்றாக வந்தன. கூடவே சரக்குப் பெட்டக வண்டிகளும், அவ்வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும், பட்டறைகளுக்கு இரும்பு விற்கும் கடைகளும் பெருகின. இவற்றுள் பல தனியொருவர் கைமுதலில் எழுந்தவை. எழுப்பியவர்களுக்கு இன்று அறுபதும் எழுபதும் ஆகிவிட்டன.

அத்தகையவருள் ஒருவர், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், சென்ற ஆண்டு ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மருகே வந்தமர்ந்தார். மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள். பட்டறையில் பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். மேஸ்திரி இருபத்தாறு ஆண்டுகளாக உடனிருப்பவர். “ஹஸ்ரத், நான் மௌத்தாயிட்டா இந்தப் பட்டறை ஒரு வருஷம் தாங்குமா, அதச் சொல்லுங்க” என்று கேட்டார். பாகப்பிரிவினைக் கணக்கு நாம் சொல்லக்கூடியது. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் ஒவ்வொரு மகனுக்கும் இரண்டு, மகளுக்கு ஒன்று. எட்டுப் பங்கும் கச்சிதமாகத் தீர்ந்துவிடும். பெரியவர் தலையசைத்துவிட்டு, “கணக்கு சரி. வெல்டிங் மிசினை எட்டா அறுக்க முடியாதே!” என்றார். அன்று அவருக்கு நிறைவான மறுமொழி நம்மிடமில்லை. அதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஃபராயிள் பாடத்தை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஸிராஜிய்யாவை விரித்து, ஔல் எங்கே, ரத்து எங்கே என்று மாணவர்களைக் கணக்கில் பழக்குகிறோம். இறந்தவர் விட்டுச் சென்றது ஒரு தோப்பாகவோ ஒரு பை தீனாராகவோ இருப்பதாகவே நம் வகுப்பறை உதாரணங்கள் அமைகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தொழில் என்பது இவ்விரண்டைப் போன்றதன்று. அதில் வரவேண்டிய பாக்கி உண்டு, கொடுக்கவேண்டிய கடன் உண்டு, பெயர் உண்டு, தொழிலாளியின் பழக்கம் உண்டு. உரிமையாளரின் மனத்தில் மட்டுமே பதிந்திருக்கும் ஆயிரம் செய்திகளும் உண்டு. ஆனால் நம் மூல நூல்களில் இத்தகைய வழக்கு இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஸஹீஹுல் புகாரியிலேயே ஒன்று விரிவாக இருக்கிறது. அது போர்ச்செல்வம் பற்றிய பகுதியில் இடம்பெற்றிருப்பதால், பாகப்பிரிவினைப் பாடத்தில் மாணவர் கண்ணில் அது படுவதில்லை.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் போர் நாளன்று சுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மூத்த மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அருகழைத்தார்கள். அன்று தாம் கொல்லப்படக்கூடும் என்பதை உணர்ந்திருந்த அவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது தம் கடன். சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி மகனிடம் பணித்தார்கள். தம் பொருளில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத்தாக ஒதுக்கினார்கள். அந்த மூன்றில் ஒன்றிலும் மூன்றில் ஒரு பங்கு அப்துல்லாஹ்வின் பிள்ளைகளுக்கு என்றார்கள். மகன் உயிருடனிருக்கப் பேரப்பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். வாரிசல்லாதவருக்கே வஸிய்யத்து செல்லும் என்பதால், பேரர்களுக்கு வழி செய்ய அவர்கள் கையாண்ட முறை சட்டத்துக்கு முற்றிலும் பொருந்தியது. அவர்களுக்கு அப்போது ஒன்பது மகன்கள், ஒன்பது பெண்மக்கள், நான்கு மனைவியர்.

அவர்கள் ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை. மதீனாவுக்கு அருகிலுள்ள அல்காபா உள்ளிட்ட நிலங்கள், மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று என்பனவே சொத்து. கடனோ 22 இலட்சம் திர்ஹம். அக்கடன் வந்த வழி நம் கவனத்துக்குரியது. மக்கள் அவர்களிடம் பொருளை அமானிதமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களோ அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே பெற்றுக்கொள்வார்கள். அமானிதப் பொருள் காப்பாளரின் குற்றமின்றித் தொலைந்தால் அவர் ஈடு கொடுக்கவேண்டியதில்லை. கடன் அப்படியன்று, என்ன நேர்ந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். கொடுத்தவரின் பொருள் அழிந்துவிடலாகாதே என்ற அச்சத்தால் தம் தலையில் பொறுப்பை ஏற்றிக்கொண்டார்கள். அப்பணம் அவர்களது வணிகத்தில் பயன்படவும் வழி பிறந்தது. இவ்விரு பயனையும் ஒருசேரக் கண்ட வணிக அறிவு வியப்புக்குரியது.

மகனின் பணி அன்றிலிருந்து தொடங்குகிறது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கடன் எவ்வளவு என்று கேட்டபோது, அப்துல்லாஹ் (ரலி) முழுத் தொகையைச் சொல்லாமல் ஓர் இலட்சம் என்றார்கள். அதையே இச்சொத்து தாங்காது என்று ஹகீம் (ரலி) கருத, பிறகே உண்மைத் தொகையை வெளியிட்டார்கள். முழுக் கடனும் முதல் நாளே வெளிப்பட்டிருந்தால் நிலத்தின் விலை என்னவாகியிருக்கும் என்பதை வணிகர்கள் அறிவார்கள். பின்னர், 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கப்பட்டிருந்த அல்காபாவைப் பதினாறு பங்குகளாக வகுத்து, பங்கொன்று ஓர் இலட்சம் என்று 16 இலட்சத்துக்கு மதிப்பிட்டார்கள். நான்கு இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) கடனை விட்டுத்தரவும், தவணை தரவும் முன்வந்தார்கள். மகன் இரண்டையும் ஏற்காமல், அத்தொகைக்கு ஈடாக நிலத்தை எல்லை குறித்து அளந்து கொடுத்தார்கள். எஞ்சியவற்றில் ஒன்றரைப் பங்கை வாங்கிய முஆவியா (ரலி), இப்னு ஜஅஃபருடைய பங்கையும் பின்னர் ஆறு இலட்சத்துக்குப் பெற்றார்கள்.

கடன் தீர்ந்தது. உடனே சுபைர் (ரலி) அவர்களின் மற்றப் பிள்ளைகள் பாகத்தைப் பிரிக்கும்படி கேட்டார்கள். மூத்தவர் இசையவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், சுபைரிடம் கடன் வரவேண்டியவர் எவரேனும் இருப்பின் வரலாம் என்று அறிவித்த பின்னரே பிரிப்பதாகச் சொல்லி, அவ்வாறே நான்கு ஆண்டுகள் அறிவித்தார்கள். பிறகே பங்கீடு. மனைவியர் நால்வருக்கும் ஆளுக்கு 12 இலட்சம் கிடைத்தது.

இங்கே ஹதீஸ் விரிவுரையாளர்களிடையே ஒரு கணக்குச் சிக்கல் எழுந்தது. மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்று அறிவிப்பு முடிகிறது. மனைவியர் பங்கிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் விடை வேறாகிறது. நால்வருக்குமாக 48 இலட்சம் என்பது எட்டில் ஒன்று. அப்படியானால் வாரிசுகளுக்குச் சென்றது 3 கோடியே 84 இலட்சம். வஸிய்யத்துக்குரிய மூன்றில் ஒன்றைச் சேர்த்தால் 5 கோடியே 76 இலட்சம்; கடனையும் கூட்டினால் 5 கோடியே 98 இலட்சம். 96 இலட்சம் மிகுதியாக நிற்கிறது. இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் இதை அலசி, திம்யாத்தீ (ரஹ்) அவர்களின் விளக்கத்தை எடுத்துக்காட்டுகிறார்கள்: 5 கோடியே 2 இலட்சம் என்பது மரணத்தின்போது இருந்த மதிப்பு, மிகுதி, பிரிக்கப்படாமலிருந்த நான்கு ஆண்டுகளில் நிலங்கள் ஈட்டித் தந்த வளர்ச்சி. நாம் இவ்விளக்கத்தையே ஏற்கிறோம். உடனே பிரித்திருந்தால் அந்த 96 இலட்சம் எந்த வாரிசுக்கும் கிடைத்திராது.

சுபைர் (ரலி) விட்டுச் சென்ற ஏற்பாட்டின் வலிமை, கடனை முன்னதாகவே வாய்விட்டுச் சொன்னதிலும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்ததிலும் இருந்தது. இவ்விரண்டும் இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்கு நம் சென்னையே சான்று. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்தது. ஒரு நூற்றாண்டு பழமையுடைய அவ்வணிக இல்லத்தில் ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், கோயில் அறக்கட்டளைகள், சிறு வணிகர் என்று பலரும் பணம் போட்டிருந்தனர். இலண்டனில் அதனோடு பிணைந்திருந்த நிறுவனத்தை நடத்திய மக்ஃபெடியன், இரயில் முன் விழுந்து இறந்தார். அவர் இறந்த பிறகே இலண்டன் இல்லத்தின் ஓட்டைகள் வெளிப்பட்டன. அடுத்த சில நாள்களில் சென்னை இல்லமும் கதவடைத்தது. ஒருவரது சாவு வரை மறைந்திருந்த கணக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீதிக்குக் கொண்டுவந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த இடிபாட்டிலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால், 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது.

ஆர்பத்நாட் வீழ்ந்த தெருவுக்குச் சற்றுத் தொலைவில்தான் பாரிமுனை. தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கினார். பலரோடு கூட்டுச் சேர்ந்தும் பிரிந்தும், சாந்தோமில் தோல் பதனிடும் ஆலை நிறுவியும், அவுரி வணிகத்தில் இறங்கியும் பல ஏற்ற இறக்கங்களைக் கண்டார். நமக்கு இங்கே முக்கியமானது 1819இல் அவர் செய்த ஒரு செயல். உறவினரல்லாத, தம்மிடம் பணிபுரிந்து பழகிய ஜான் வில்லியம் டேர் என்பவரை அவ்வாண்டு பங்காளியாக்கினார். 1824இல் பாரி காலராவால் இறந்தபோது நிறுவனத்தை நடத்த ஐந்தாண்டு அனுபவமுள்ள ஒருவர் உள்ளே இருந்தார். பெயர் பாரியுடையது, நடத்தியவர் டேர். இருநூறு ஆண்டுகள் கழிந்தும், கைகள் பல மாறி, 1981இல் முருகப்பா குழுமத்திடம் வந்தபிறகும், அப்பெயர் நிற்கிறது. சென்னையின் முனையொன்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பங்காளி ஒருவர் இறந்தால் கூட்டு வணிகம் கலைந்துவிடும் என்பது ஹனஃபீ ஃபிக்ஹின் விதி. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும், ஒப்பந்தத்தில் மாறாகச் சொல்லப்படாவிடில், அதையே சொல்கிறது. ஆகவே கூட்டுச் சேர்ப்பது மட்டும் போதாது. சாவுக்குப் பின் வாரிசுகளோடு புதிய கூட்டு எப்படி அமையும் என்பதையும் முன்னரே எழுதிவைக்க வேண்டும். தனியுரிமைத் தொழிலுக்கோ இந்த அளவுகூடப் பாதுகாப்பில்லை. உரிமையாளர் கண் மூடியதும் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு முடங்கும்; ஜிஎஸ்டி பதிவு அவரது பான் எண்ணோடு கட்டுண்டது என்பதால் வாரிசு புதிய பதிவு பெற்றாக வேண்டும். ஜனாஸா வீட்டில் இருக்கும்போதே சனிக்கிழமைக் கூலிக்குப் பணமின்றித் திண்டாடிய குடும்பங்களை நாம் அறிவோம்.

எண்ணூரிலேயே இதற்கு மறுபக்கத்தைக் காட்டும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரையே அதற்கு இட்டார். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் பணி 1949இல் ஆரம்பமாயிற்று. 1953இல் சரண் விமான விபத்தில் இறந்தார். மகன் பெயர் தாங்கிய தொழிலைத் தந்தை மகனிடம் ஒப்படைக்க வாய்ப்பே அமையவில்லை. ஆயினும் தொழிற்சாலை மூடப்படவில்லை. அது அவரது தனிச் சொத்தாக இல்லாமல், சென்னை மாகாண அரசும் பங்கு வைத்திருந்த நிறுவனமாக இருந்ததே காரணம். எஞ்சிய பங்குதாரர்கள் இங்கிலாந்தின் லேலண்டுடன் பேச்சை முன்னெடுத்தார்கள். 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. மகன் பெயர் தொழிலின் பெயரில் இன்றும் இருக்கிறது, உரிமை அக்குடும்பத்தில் இல்லை. இதை இழப்பென்று சொல்வோரும் உண்டு. எண்ணூர் வாயிலில் மூன்று தலைமுறையாகப் பணிக்குச் சென்றுவரும் குடும்பங்களை எண்ணும்போது நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மம்மென் மாப்பிள்ளையின் கதை வேறு வகை. பலூனிலிருந்து 1952இல் டயர் புதுப்பிக்கும் ரப்பருக்கு நகர்ந்து, 1960இல் நிறுவனமாக்கி, அடுத்த ஆண்டே பொதுப் பங்கு நிறுவனமாகவும் மாற்றினார், எம்.ஆர்.எஃப். உருவாயிற்று. மக்களைத் தொழிலுக்குள் பழக்கினார். ஆனால் மகன் ரவி மம்மென் 1990இல், தந்தை இருக்கும்போதே, இறந்தார். தந்தை 2003 வரை வாழ்ந்தார். பொறுப்பு மற்ற மக்களிடம் சென்றது. ஒரே ஒருவரை மட்டும் தயார்ப்படுத்தி வைத்திருக்கும் தந்தையர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூப்பின் வரிசையில்தான் மரணம் வரும் என்று எவருக்கும் உறுதியளிக்கப்படவில்லை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) இறுதி ஹஜ் ஆண்டில் நோயுற்று, தம் காலம் முடிந்ததென்று கருதி, ஒரே மகள் இருந்த நிலையில் பெரும்பொருளை வஸிய்யத்துச் செய்ய அனுமதி வேண்டினார்கள். மூன்றில் ஒன்றுக்குமேல் கூடாது, அதுவே அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஸஅத் (ரலி) அதன்பின் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, காதிஸிய்யாவில் படை நடத்தி, மேலும் பல மக்களைப் பெற்றார்கள். அன்று வேண்டியபடியே அனுமதி கிடைத்திருந்தால்?

மகளின் பங்கு பற்றியும் பேசியாக வேண்டும். நம்மவர் நிலத்தில் மகளுக்குப் பங்கு தர ஓரளவு இசைகிறார்கள். தொழில் என்றதும் மனம் சுருங்குகிறது. ‘அது வேறு வீட்டுக்குப் போய்விடும்’ என்ற பேச்சு எழுகிறது. இது நம்மவருக்கு மட்டுமான நோயன்று. திருவொற்றியூரில் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கிய அதே முருகப்பா குழுமத்தில், எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தபின், எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட அவரது குடும்பப் பங்கு மனைவிக்கும் இரு மகள்களுக்கும் சேர்ந்தது. தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் வேண்டும் அல்லது பங்கை உரிய விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கோரினர். 2020இல் பங்குதாரர் கூட்டம் இயக்குநர் நியமனத்தை ஏற்கவில்லை. 2023இல்தான் இணக்கம் ஏற்பட்டது. பங்கு என்பது வேறு, நிர்வாகத்தில் குரல் என்பது வேறு. இரண்டையும் பிரித்து எழுதிவைக்காத வீட்டில் அந்த இடைவெளியே வழக்காகிறது.

நிர்வாகத்தில் பெண்ணின் இடம் நமக்குப் புதிதன்று. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்தார்கள். விற்கப்படாமல், அன்பளிப்பாகாமல், வாரிசுரிமையாகப் பிரியாமல் அதன் பயன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் செல்லட்டும் என்பது ஏற்பாடு. அதற்கான பத்திரத்தை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். தமக்குப் பின் அதன் பொறுப்பு மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமும், அவர்களுக்குப் பின் குடும்பத்தின் அறிவுடையோரிடமும் செல்லும் என்று அதில் எழுதப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) போன்ற மகன் இருக்கும்போதே இவ்வாறு எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் தொழிலையே வக்ஃபாக்கிய பெரும் முன்மாதிரி ஹம்தர்த். 1906இல் டில்லியில் ஹகீம் ஹாஃபிள் அப்துல் மஜீத் தொடங்கிய சிறு மருந்துக்கடை அது. ரூஹ் அஃப்ஸா என்ற பானம் அவர் காலத்திலேயே பிறந்துவிட்டது. 1922இல் அவர் மறைந்தபோது மூத்த மகன் அப்துல் ஹமீதுக்குப் பதினான்கு வயது. கைம்பெண்ணான ராபியா பேகம் அத்தொழிலைக் காத்து, மகனை வளர்த்து ஒப்படைத்தார். அந்த அம்மையாரைப் பற்றி நம் நூல்கள் இரண்டு வரிக்குமேல் எழுதுவதில்லை. ஹம்தர்தின் வரலாற்றில் மிகக் கடினமான ஆண்டுகள் அவருடையவை என்றே நாம் கருதுகிறோம். நாடு பிரிந்தபோது இளைய மகன் ஹகீம் முஹம்மது ஸயீத் 1948இல் கராச்சி சென்று அங்கொரு ஹம்தர்தை நிறுவினார். டில்லியிலேயே தங்கிய ஹகீம் அப்துல் ஹமீது அதே 1948இல் தம் தொழிலை வக்ஃபாக்கினார். தம்பி 1953இல் கராச்சியில் அவ்வாறே செய்தார். தொழிலின் ஆதாயத்திலிருந்து வளர்ந்த கல்வி நிலையங்களே 1989இல் ஜாமிஆ ஹம்தர்த் பல்கலைக்கழகமாயின. அப்துல் ஹமீது மறைந்தது 1999இல். அரை நூற்றாண்டுக் காலம் தம் தொழிலில் உரிமையாளராக இல்லாமல் முதவல்லியாக அமர்ந்திருந்தார் என்பது எளிதான செய்தியன்று. பின்னாளில் நிர்வாகம் குறித்துக் குடும்பக் கிளைகளுக்கிடையே வழக்குகள் எழுந்தன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வக்ஃபு பத்திரம் உரிமைச் சண்டையைத் தடுக்கும். பொறுப்புச் சண்டையைத் தானாகத் தடுத்துவிடாது.

குடும்பத்தார் நலனுக்கான வக்ஃபு அலல் அவ்லாதின் சட்ட வரலாறு நீண்டது. 1894இல் பிரிவி கவுன்சில் அதைச் செல்லாதென்றாக்கியது. நீதியரசர் அமீர் அலியின் மறுப்பும் அல்லாமா ஷிப்லீ நுஃமானியின் இயக்கமும் தொடர்ந்தன. முஹம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமாகி அதை மீட்டது. இவ்வகை வக்ஃபால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை மறுக்கப்படலாகாது என்று 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தின் பிற பகுதிகள் பற்றிய விவாதம் இங்கே நமக்கு வேண்டியதில்லை. மகள்களை விலக்குவதற்கென்றே வக்ஃபு எழுதுவது சட்டம் வரும் முன்னரும் மார்க்கத்துக்கு உகந்ததாக இருந்ததில்லை.

மீஞ்சூர்ப் பெரியவருக்கு வக்ஃபு பொருந்தாது. அவருக்கு வேண்டியது உயிருடனிருக்கும்போதே படிப்படியாகக் கைமாற்றுவது. அதற்கு ஹிபா என்னும் கொடைதான் வழி. ஹிபாவில் மூன்று சிக்கல்கள் உள்ளன. முதலாவது, கொடுத்த பொருளைப் பெற்றவர் கைவசப்படுத்த வேண்டும். பத்திரத்தில் மகன் பெயரை எழுதிவிட்டுச் சாவியைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொள்ளும் தந்தை எதையும் கொடுத்தவராகமாட்டார். அடுத்தது, பிரிக்கப்படாத பங்கைக் கொடையளிப்பது. பிரிக்கத்தக்க பொருளில் அது செல்லாது என்பர் ஹனஃபீ அறிஞர். ஷாஃபிஈ மத்ஹபில் செல்லும். ஹனஃபீகளும் பிரித்தால் பயனற்றுப்போகும் பொருளுக்கு விலக்களிக்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் சிறு குளியலறையும் மாவரைக்கும் ஆலையும். பெரியவரின் வெல்டிங் இயந்திரத்தை நாம் இவ்வாலையோடு ஒப்பிட்டோம். நிறுவனப் பங்குகளுக்கு இவ்விதி தடையாகாது என்று ரங்கூன் வழக்கொன்றில் 1907இலேயே பிரிவி கவுன்சில் கூறியிருக்கிறது. ஆகவே தொழிலைப் பங்குகளால் அமைந்த தனியார் நிறுவனமாக்கினால் இந்த முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். மூன்றாவது நீதி. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர் தந்தை தனியே ஒரு கொடை அளித்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். மரண நோயில் படுத்தபின் கொடுப்பதற்கோ வஸிய்யத்தின் சட்டமே பொருந்தும். வாரிசுக்குக் கொடுத்தால் பிற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் கைரேகை வாங்குவோர் இதைப் பெரும்பாலும் அறிவதில்லை.

கடையின் பெயருக்கும் மதிப்புண்டு. வணிகப் பெயரும் முத்திரையும் பொருள் மதிப்புடைய உரிமைகள், ஷரீஅத்தில் பாதுகாக்கப்படுபவை என்று பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத் கூட்டத்தில் முடிவு செய்தது. அப்படியானால் அந்தப் பெயர்ப்பலகையிலும் மகளின் எட்டில் ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னபோது பெரியவரின் இரண்டாம் மகன் எழுந்து வெளியே சென்றுவிட்டார்.

சில மாதங்களில் சில காரியங்கள் நடந்துள்ளன. பட்டறையும் இயந்திரங்களும் வெளியார் ஒருவரால் மதிப்பிடப்பட்டன. வாரத்தில் இரண்டு நாள் பெரியவர் பட்டறைக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் விலை பேசுவதும் இரும்பு எடுப்பதும் மூத்த மகன். முதல் மாதம் ஒரு வண்டிக்கு நட்டம் வந்தது, பெரியவர் வாய் திறக்கவில்லையாம். மேஸ்திரியை இலாபத்தில் பங்காளியாக்குவது பற்றி டேரின் கதையை நாம் சொன்னோம். அது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. மகளுக்குத் தொழிலில் பங்கா, அதற்கீடாக வீட்டுமனையா என்பதிலும் முடிவில்லை. அந்தப் பெண்ணிடமே இதுவரை எவரும் கேட்கவில்லை என்று அறிந்தபோது, அடுத்த அமர்வில் அவரும் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.

கடனும் அமானிதமும்தான் முதலில் எழுதப்பட்டன. சவூதியில் வேலை பார்ப்பவர்கள், மகள் திருமணத்துக்குச் சேர்ப்பவர்கள், இரண்டு கைம்பெண்கள் என்று பலர் அவரிடம் பணம் கொடுத்து வைத்திருந்தார்கள், ஒன்றுக்கும் சீட்டில்லை. எது அமானிதம், எது தொழிலில் புரளும் கடன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்தோம். சென்ற வாரம் அக்குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். முப்பத்தொரு பதிவுகள். பத்தொன்பதாவதில் நாற்பதாயிரம் என்ற தொகையும் 2011 என்ற ஆண்டும் மட்டும் இருந்தன. கொடுத்தவர் பெயர் நினைவுக்கு வரவில்லை என்றார். ஜும்ஆவுக்குப் பின் பள்ளியில் எழுந்து நின்று அறிவிக்கலாமா என்று கேட்டார். அறிவியுங்கள், ஒரு ஜும்ஆவோடு நிறுத்திவிடாதீர்கள் என்றோம்.